இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எத்தனை?

ஜனவரி 9

என் சோடாபுட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தையல் பிரித்தாயிற்று. சாப்பாடு இறங்குகிறது. இடது கையைத் தோள் வரை தூக்க முடிகிறது. உன் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டுக்கொள்கிறாயா, இல்லை பாட்டில் மேசையில் காய்ந்துகொண்டிருக்கிறதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ மூக்கை உறிஞ்சுகிறாய், நான் உன்னைச் சிரிக்கவைக்க என்னத்தையாவது உளறுகிறேன். வைத்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை என்று ஞாபகம் வருகிறது. தபாலில் எழுதினால் யார் அழுதாலும் அடுத்தவருக்குத் தெரியாது.

டாக்டர் போட்ட தையலைக் கண்ணாடியில் பார்த்தேன். என் கடையில் யாராவது அப்படித் தைத்திருந்தால் வாடிக்கையாளர் துணியை என் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார். உன் அத்தானிடம் சொன்னேன். "உயிர் போகாம இருக்கத் தைச்சது, ஊர்வலம் போகத் தைச்சதில்ல" என்றார். அவருக்கும் சில நேரம் வாய் வேலை செய்கிறது.

மார்பிலிருந்து எடுத்த கட்டி கோலிக்குண்டு அளவு. அக்குளில் பரவவில்லை என்றார்கள். இனி என்ன என்று கேட்டால், ஒரு ஆராய்ச்சியில் சேருகிறீர்களா என்கிறார் டாக்டர். கட்டிக்குள் ஏதோ ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். நிறைய இருந்தால் நோய் உடம்பில் வேறு இடத்துக்குப் போய் உட்கார வாய்ப்பு அதிகம் என்று ஆறு தவணை கீமோ. கொஞ்சமாக இருந்தால் மருந்தே வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். கட்டியை எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டேன். உன் லேபின் பெயரைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். என் எண் 212. பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்னவோ போட்டிருக்கிறது, யார் படிப்பது.

மருந்து மட்டும் வேண்டாம்டி. மற்ற எதையும் தாங்குவேன். தெருமுனைப் பூக்கடைக்காரி மருந்து ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன், படிக்கட்டில் படித்தேன், வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே படித்தேன். கையைத் தூக்க முடிகிறது என்று எழுதியிருந்ததை மட்டும் நாலு தடவை. எனக்கு ஒன்றும் இல்லை. சொட்டு மருந்து பாட்டில் மேசையில்தான் இருக்கிறது, நீ சொன்னது சரிதான்.

ஆனால் உன்னை ஒரு அறை அறையவேண்டும் போலவும் இருந்தது. எண்ணை எதற்கு எழுதினாய்? எங்களுக்குப் பெயர் வராது, வயது வராது, ஊர் வராது. எண் மட்டும்தான் வரும். யாருடையது என்று தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று பத்து வருஷமாக நீ கேட்டதே இல்லை, இப்போது சொல்கிறேன். கட்டியை மெழுகில் பதித்து அனுப்புவார்கள். அதை மெஷினில் வைத்து, ஊதினால் பறக்கிற மாதிரி மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்போம். அதுதான் ஸ்லைடு. பிறகு சாயம். அந்தப் புரதம் இருக்கிற இடம் பழுப்பாகும், மற்றதெல்லாம் நீலம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து எத்தனை என்று போடவேண்டும். பழுப்பே இல்லையென்றால் பூஜ்யம், மங்கலாக இருந்தால் ஒன்று, நடுத்தரம் இரண்டு, அடர்த்தி மூன்று. இரண்டும் மூன்றும் மருந்துப் பக்கம் போகும்.

இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கவேண்டும் என்பது விதி. என் பக்கத்து நாற்காலிக்காரர் லென்ஸில் கண்ணை வைப்பதற்கு முன்பே "எத்தனை போட்டே?" என்று என்னிடம் கேட்பார். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுவார். தப்புதான், ஆனால் லேபில் என் கண்ணுக்கு அப்படி ஒரு பெயர். நீ வைத்த சோடாபுட்டிப் பட்டத்தை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

சொந்தக்காரர் ஸ்லைடு என்று தெரிந்தால் எங்கள் லேபின் தலைமை டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். அதுவும் விதி. அந்த எண் வந்தால் எழுந்துவிடுவேன். நீ கவலைப்படாமல் இரு.

அத்தானை நான் விசாரித்ததாகச் சொல்.
சோடாபுட்டி


பிப்ரவரி 3

என் சோடாபுட்டிக்கு,

நேற்றிலிருந்து கடையைத் திறந்துவிட்டேன். அரை நாள்தான். பேன்ட் நீளம் குறைக்க எட்டு, இடுப்பு பிரித்துவிட மூன்று. உலகமே நான் படுத்திருந்தபோது குண்டாகிவிட்டது. ஒரு கோட்டுக்குக் கையால் காஜா எடுக்கவேண்டும் என்று ஒருவர் வந்தார். மெஷினில் அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். "பட்டன் மாட்டுற ஓட்டை உங்க கையால எடுத்தாத்தான் பிரியாம இருக்கு" என்றார். அப்படிச் சொன்னால் எப்படி மறுப்பது? நாலு காஜா எடுத்தேன். கை இன்னும் என் கைதான். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

உன் வேலையைப் பற்றிப் படித்ததும் தெர்மாமீட்டர் ஞாபகம் வந்தது. பள்ளிக்கு மட்டம் போட நான் முனகிக்கொண்டு படுத்திருப்பேன். அம்மாவுக்கு அந்தப் பொடி எண் தெரியாது, நீதான் ஜன்னலருகே கொண்டுபோய்ப் படித்துச் சொல்வாய். நான் கண்ணால் கெஞ்சுவேன். ஒரே ஒரு டிகிரி கூட்டிச் சொல்லேன்டி என்று. நீ மூக்கில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு" என்பாய். ஒரு நாளாவது கூட்டினாயா? ராட்சசி.

ஸ்லைடு வந்துவிட்டதா? பார்த்தால் எழுதாதே என்று சொல்லத்தான் வந்தேன். ஆனாலும் எழுது.

மருந்து வேண்டாம் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே.
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வேலை கழுத்தை நெரித்தது. நான் நன்றாக இருக்கிறேன். நீ அரை நாளுக்கு மேல் கடையில் உட்காராதே.

ஸ்லைடு பற்றிக் கேட்டிருந்தாய். எல்லாம் முறைப்படி நடந்திருக்கும். முடிவு உன் டாக்டருக்கு நேராகப் போகும், அவர் சொல்வார்.

உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, அத்தான் சரி செய்தாரா? இங்கே மழை.

தங்கை


மார்ச் 14

என் சோடாபுட்டிக்கு,

மூன்று.

உனக்குப் புரியும். டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். 212, அதற்கு நேராக மூன்று, கீழே இரண்டு கையெழுத்து, இரண்டும் புரியாத கிறுக்கல். "இரண்டு பேர் பார்த்து ரெண்டு பேரும் மூணு போட்டிருக்காங்கம்மா, சந்தேகமே இல்ல" என்றார். எனக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் தெரியவில்லை. உன் அத்தான் என் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

மருந்து எடுக்கமாட்டேன் என்று வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டேன். அத்தான் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "உன் தங்கச்சி வேலை பாக்குற லேபு. அவங்க சொன்னதையும் நம்பமாட்டியா?" சரி என்று தலையாட்டிவிட்டேன். இருபத்துநாலாம் தேதி முதல் தவணை.

நீ பார்க்கவில்லைதானே? எழுந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே. பார்த்த புண்ணியவான் யாரோ, அவர் கண் நன்றாக இருக்கட்டும்.

பயமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

மருந்து ஏற்றும்போது இரண்டு கையிலும் ஐஸ் பை வைத்துக்கொள், விரல் நரம்புக்கு நல்லது என்று இங்கே சொல்கிறார்கள். தண்ணீர் நிறையக் குடி. வாய் வெந்து போகும், உப்புத் தண்ணீரில் கொப்பளி. மறுநாள் உனக்கு ஒன்றும் இல்லை போல இருக்கும், நம்பாதே, மூன்றாம் நாள்தான் தள்ளும். விரல் நுனி மதமதத்தால், ஊசி குத்துவது தெரியாமல் போனால், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடு. அன்றைக்கே. தள்ளிப்போடாதே. மருந்தின் அளவைக் குறைப்பார்கள். தையல்காரி நீ, விரல் உனக்கு முக்கியம் என்று அவரிடம் சொன்னாயா? சொல்.

இந்த மருந்து உன்னைக் காப்பாற்றும் அக்கா. எடுக்காமல் விட்டு, பிறகு எங்காவது பரவியிருந்தால் நாம் என்ன செய்வோம்? அப்படி யோசித்துப் பார். எடுத்துக்கொள்வதுதான் பத்திரம். யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை.

தங்கை


மே 30

என் சோடாபுட்டிக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. நான் சொல்லச் சொல்ல உன் அத்தான் எழுதுகிறார். ஊசி ஏற்றிய கை வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நாலாவது தவணை மூன்று நாளைக்கு முன்பு முடிந்தது. தலை இப்போது தக்காளி மாதிரி வழவழ என்று இருக்கிறது. அத்தான் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டில் இப்போது தன் வழுக்கைத் தலைக்குப் போட்டி வந்துவிட்டது என்கிறார். (இதை நான் எழுதமாட்டேன் என்றேன், எழுதியே ஆகவேண்டும் என்கிறாள்.)

கடையைக் கொஞ்ச நாள் மூடியிருக்கிறேன். கோடையில் யாருக்கும் எதுவும் தைக்கத் தோன்றாது. ஐஸ் பை வைத்துக்கொள்கிறேன். சாப்பிடுகிறேன். நீ மாதத்துக்கு ஒரு கடிதம்கூடப் போடுவதில்லை, போட்டாலும் டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது. உனக்கு என்ன ஆயிற்று? என்னிடம் சொல்லக்கூடாதா?

அக்கா

சோடாபுட்டிம்மா, இது அத்தான். அவள் தூங்கிவிட்டாள், அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கை வீக்கமெல்லாம் இல்லை. விரல் பத்திலும் உணர்ச்சி இல்லை. இரண்டாவது தவணையிலேயே ஆரம்பித்துவிட்டது. டாக்டரிடம் சொல்லக்கூடாது என்று என் வாயை அடைத்துவிட்டாள். சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் அந்த மூன்று அப்படியே இருக்கும் என்கிறாள். போன வாரம் ஒருவரின் வெள்ளைச் சட்டையை முடித்து மடித்து வைத்தாள். நான் விரித்துப் பார்த்தால் காலர் முழுக்க ரத்தப் பொட்டு. ஊசி விரலுக்குள் போய்ப் போய் வந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. அன்றோடு கடையைப் பூட்டினோம். பேனாவும் பிடிக்க முடியவில்லை. ஐந்தாவது பதினாறாம் தேதி. நீதான் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும், நீ சொன்னால் கேட்பாள்.


ஜூன் 6

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. முதலில் காரியத்தைச் சொல்கிறேன். ஐந்தாவது தவணை வேண்டாம். எங்கள் டாக்டரம்மா உங்கள் டாக்டரிடம் நேற்றுப் போனில் பேசிவிட்டார், எழுத்திலும் அனுப்பிவிட்டார். அக்கா, உன் ஸ்லைடு மூன்று இல்லை. ஒன்று.

மூன்று போட்டது நான்.

பிப்ரவரி பதினேழாம் தேதி காலையில் தட்டு வந்தது. நாற்பது ஸ்லைடு. நடுவில் 212. நான் எழுந்திருக்கவேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூடச் செய்தேன். அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தால் இவர் ஒருவர்தான் பார்ப்பார், ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். உன்னை அவர் கண்ணில் விட எனக்கு மனசு வரவில்லை. லேபிலேயே நல்ல கண் என்னுடையது என்ற திமிரும் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பார்த்தபோது பழுப்பு மங்கல். ஒன்று என்று மனசு சொன்னது. உடனே சந்தேகம் வந்தது. நீ மருந்து வேண்டாம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அதனால்தான் குறைவாகத் தெரிகிறதோ என்று. பாசம் என் கண்ணைக் கட்டுகிறது என்று பயந்தேன். மறுபடி பார்த்தேன், இரண்டு போலத் தெரிந்தது. தப்பாகக் குறைத்துப் போட்டு, ரெண்டு வருஷம் கழித்து உன் எலும்பில் வந்து நின்றால் நான் எப்படி உயிரோடு இருப்பது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த ஸ்லைடில் பழுப்பைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. "எத்தனை போட்டே?" என்றார் பக்கத்தில். "மூணு" என்றேன். எழுதிவிட்டார். உன் டாக்டர் சொன்ன இரண்டு பேர் நாங்கள்தான்.

அத்தான் எழுதியதைப் படித்த மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து ஸ்லைடை எடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்று. யார் பார்த்தாலும் ஒன்று. அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனேன். அவர் திட்டவில்லை. வெளியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து, எண்ணைக்கூட மறைத்துப் பார்க்கச் சொன்னார். இருவரும் ஒன்று.

என்னை ஸ்லைடு பார்ப்பதிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி மெழுகு சீவுவது மட்டும்தான் என் வேலை. ஒரு வருஷமாக நான் பார்த்த எல்லா ஸ்லைடையும் மறுபடி பார்க்கிறார்கள். அதெல்லாம் எனக்கு வரவேண்டியதுதான். உனக்கு வந்தது வரவேண்டியதே இல்லை. உன் விரலை நான் எடுத்துவிட்டேன் அக்கா. பல பேருக்கு மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பும் என்கிறார்கள், எல்லோருக்கும் இல்லை. உனக்குத் திரும்புமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் மறைக்கக்கூடாது. ஒன்று என்றால் நோய் திரும்ப வராது என்று அர்த்தம் இல்லை. ஒன்று வந்த நூறு பேரில் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அந்த நூறில் நீ யார் என்று எந்தப் பழுப்பும் சொல்லாது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

தங்கை


ஜூன் 24

சோடாபுட்டிம்மாவுக்கு, அத்தான்.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். அவள் உன் கடிதத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். மடித்து மெஷின் டிராயரில் வைத்துவிட்டாள்.   எனக்கு உன்மேல் கோபமா வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை. இப்போதைக்கு இங்கே வரவேண்டாம்.


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் குறைந்துவிட்டதா அங்கே? விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் அத்தானை ஒரு வரி எழுதச் சொல்லேன். ஒரு வரி போதும்.

தங்கை


ஆகஸ்ட் 22

அக்காவுக்கு,

இது மூன்றாவது கடிதம். பதில் வேண்டாம். தபால்காரர் கொண்டுவந்து போட்டால் நீ கையில் எடுத்துப் பார்ப்பாய் அல்லவா, அதற்காக எழுதுகிறேன்.

தங்கை


செப்டம்பர் 17

தங்கைக்கு,

எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள். பேனாவில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது நீ போட்ட மூன்று மாதிரிதான். கோபம் இருக்கிறது. காலையில் பட்டன் போட முடியாமல் உன் அத்தான் முன்னால் சின்னப்பிள்ளை மாதிரி நிற்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். வாய்விட்டே திட்டுகிறேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்து, "பரவாயில்லம்மா, துவைச்சாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு கடைக்குப் போய்விட்டார். இனி வரமாட்டார். அதற்கும் உன்னைத் திட்டினேன்.

மூன்று மாதம் நான் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. வெட்கம்.

அந்த அட்டையின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை நான் படிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். படித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கடைசி வரி வரை படித்தேன். ஆய்வகத்தில் வேலை செய்யும் யாரிடமும் இந்த எண்ணைச் சொல்லக்கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் உனக்கு எழுதினேன். என் தங்கைதான் பார்ப்பாள், அக்கா என்று தெரிந்தால் ஒன்று குறைத்துப் போடுவாள், மருந்திலிருந்து தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தெர்மாமீட்டர் கதையை எழுதியதும் அதற்குத்தான். இந்த ஒரு தடவையாவது என் பக்கம் இருடி என்று கேட்க வாய் வரவில்லை, அதனால் கதை சொன்னேன்.

நான் எண்ணைச் சொல்லாமல் இருந்திருந்தால் அது நாற்பதில் ஒன்று. நீ ஒன்று என்று போட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருப்பாய். சின்ன வயதில் கூட்டு கூட்டு என்று கெஞ்சியபோது கூட்டவில்லை. குறை என்று கெஞ்சியபோது கூட்டிவிட்டாய். இதை நினைத்து ஒரு நாள் நான் சிரித்தேன். அத்தான் பயந்துபோய் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தார்.

கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் போன மாதத்திலிருந்து கொஞ்சம் குறுகுறு என்று இருக்கிறது. சூடான டம்ளரைத் தொட்டால் சூடு என்று தெரிகிறது. மற்ற மூன்றும் கட்டைதான். ஸ்கேன் அடுத்த மாதம்.

உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். அதில் ஒரு காஜா எடுத்திருக்கிறேன், என் கையால். யாரும் உதவவில்லை. ஊசி கோக்க மட்டும் அத்தான். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, மூன்று என்றால் என் பழைய கை, எத்தனை என்று போட்டு எழுது. யார் தைத்தது என்று தெரிந்தே பார். பக்கத்து நாற்காலியில் கேட்காதே. எனக்காகக் கூட்டாதே, உனக்காகக் குறைக்காதே. அதைப் படித்துவிட்டுத்தான் உன்னை வீட்டுக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறேன்.

சொட்டு மருந்து விட்டுக்கொண்டு பார், சோடாபுட்டி.

அக்கா


செப்டம்பர் 23

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. எண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்து முதல் நாள் முழுக்க எனக்கு ஆத்திரம். இரண்டாம் நாள் அழுகை. நீ சொல்லியிருந்தாலும் எழுந்திருக்கவேண்டியது நான்தான், அதில் மாற்றமில்லை. அதை நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம், நீ கூப்பிட்டால்.

துணியை இன்று காலை ஜன்னலருகே வைத்துப் பார்த்தேன். சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதான். முதல் பார்வையில் இரண்டு என்று தோன்றியது. ஏன் தோன்றுகிறது என்று எனக்குத் தெரிந்ததால் துணியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்திரங்களைக் கழுவிவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன்.

முப்பத்தொரு தையல். இடது பக்கம் இடைவெளி ஒழுங்காக ஆரம்பித்து, எட்டாவதில் அகலமாகிறது. பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. மூலையில் நூல் தொளதொள என்று நிற்கிறது, பத்துத் தடவை பட்டன் மாட்டினால் பிரியும். வலது பக்கம் பாதிக்குமேல் கை களைத்துவிட்டது, இழுப்பு ஒரே மாதிரி இல்லை. கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு பொட்டு இருக்கிறது. நீ பார்த்திருக்கமாட்டாய். ரத்தம் காய்ந்தது. ஒரே ஒரு பொட்டுதான்.

ஒன்று, அக்கா.

சோடாபுட்டி